ஆறு முதல் இருபது வரை

ராத்திரி பதினொன்றரைக்கு
கம்பெனியின் இணையதளம் என்னிடம் கேட்டது:
உங்களிடம் எத்தனை வாகனங்கள்?
ஒன்று முதல் ஐந்து.
ஆறு முதல் இருபது.
இருபதுக்கு மேல்.

என்னிடம் ஏழு.
அதில் ஒன்று செங்கோட்டை ஒர்க்‌ஷாப்பில்
கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டு நாலு மாசம்.
இன்னொன்று பேருக்குத்தான் என்னுடையது,
ஆர்.சி. புத்தகம் பைனான்ஸ்காரர் பீரோவில்.
இருந்தாலும் ஆறு முதல் இருபதை அழுத்தினேன்.
இருபதோடு ஒரே வரியில் நிற்பது
கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

என்ன ஏற்றுகிறீர்கள் என்றது அடுத்த கட்டம்.
பார்சல், சிமென்ட், மருந்து, உறைந்த மீன்.
வாழையிலை இல்லை.
'இதர'வைத் தொட்டேன்.
பதினெட்டு வருஷமாகப்
புனலூர்க் கல்யாண மண்டபங்களுக்கு
இதர ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து அந்த வண்டி என்னை விடவில்லை.
மகளுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டப் போனால்
ஓரத்தில் நிற்கிறது, வெள்ளையாக, கழுவித் துடைத்து.
மாமனார் தவறிய சேதியை முகநூலில் போட்டேன்.
ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல்,
உங்கள் தொழிலின் அடுத்த பயணம், இன்றே தொடங்குங்கள்,
ஆழ்ந்த இரங்கல்.

வாட்ஸப்பில் ஸ்வர்ணா என்றொரு பெண்.
காலை வணக்கம் சார், ஃப்ளீட் கஸ்டமர்களுக்குத் தனிச் சலுகை.
பெண்ணா மெஷினா என்று பிடிபடாமல்
சாப்பிட்டாச்சா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.
உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, என்றாள்.

கணக்குப் போடவும் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள்.
டீசல், டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ்.
எண்களைப் போட்டால் ஐந்து வருஷ லாபம்
பச்சையில் எழும்பி வரும்.
புளியரை செக்போஸ்ட்டில் நிற்கும் மூன்று மணி நேரத்துக்கு
அதில் கட்டம் இல்லை.
நிற்கையில் நுனி கருகும் இலைக்கும் இல்லை.

எட்டாவதை வாங்கினேன்.
விலையில் பதினைந்தாயிரம் தள்ளுபடி,
பதிலுக்கு ஒரு வீடியோ:
'வாடிக்கையாளர் வெற்றிக் கதை'.

கேமராவோடு கொச்சியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
முன்னால் தொங்கிய எலுமிச்சையை அறுத்தார்கள்.
சுடலையாண்டிக்கு ஒரு நீலச் சட்டை போட்டுவிட்டார்கள்,
படம் முடிந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.
இலைக்கட்டு முழுவதையும் இறக்கச் சொன்னார்கள்,
பச்சை தூக்கலாகத் தெரிகிறதாம்.
அட்டைப்பெட்டிகள் ஏறின.
காலிப் பெட்டிகள்.
எஸ் வளைவில் மேகம் இறங்கும் நேரம் பார்த்து
ஆறு தடவை ஏறி இறங்கியது வண்டி,
ஒரு செருமல்கூட இல்லாமல்.

ஆவணி முகூர்த்தம். இருநூறு கட்டு.
ராத்திரி ரெண்டு மணிக்கு வரிசையில் நின்றபடி
சுடலை குரல் அனுப்பியிருந்தான்:
'அண்ணாச்சி, போன்ல நான் வாறேன்.
மலையாளம் பேசுதேன், தண்ணிபட்ட பாடா.
லிட்டருக்குப் பதினெட்டு குடுக்குங்கேன்.
நான் எப்ப சொன்னேன்?'
அவன் பேச்சுக்குப் பின்னால் மழை,
யாரோ விடாமல் அடித்த ஹாரன்.

காலையில் தென்மலையிலிருந்து தங்கச்சன் கூப்பிட்டார்.
ரப்பர் ஷீட் ஏற்றுகிறவர். மூன்று வண்டி.
ஒன்று முதல் ஐந்து.
அவர் மகளின் கல்யாணத்துக்கு என் இலையில்தான் சோறு.
அவரை எட்டிப்பிடிக்க கம்பெனி
எத்தனை பலகை வைத்ததோ தெரியாது,
கடைசியில் சுடலையின் மூஞ்சி போதுமாயிருந்தது.

'வீடியோ கண்டு. அந்தப் பதினெட்டு சத்தியமாணோ?'

சலுகைக் காகிதத்தில் கையெழுத்து என்னுடையது.
கொஞ்ச நேரம் டீயை ஆற்றினேன்.
பிறகு சொன்னேன்,
'ஏத்தம் இல்லாத ரோட்டுல, காலியா ஓட்டுனா, குடுக்கும்.'

அவர் சிரிக்கவில்லை.
'அது சரி.
உங்களுக்கும் எனக்கும் நடுவுல
அப்படியொரு ரோடு எங்க இருக்கு, அண்ணாச்சி?'